கல்லடிச் சத்தியம்

ஹண்டிங்டன் கவுண்டியில் நான்கு வட்டங்கள். மேற்கே மேட்டு நிலம், கிழக்கே சதுப்பு, நடுவே ஊஸ் ஆறு. இத்தனை இடமிருக்க, அந்தப் பிணம் எங்கள் வட்டத்து ஆற்றுத்துறையில்தான் வந்து ஒதுங்க வேண்டுமா?

முகத்தை மீன் தின்றிருந்தது. பிடரி மழித்திருந்தது மட்டும் நன்றாகத் தெரிந்தது. பிடரியை மழிப்பவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். ராஜா மாறி, பிரெஞ்சுக்காரர்கள் எங்களை ஆளத் தொடங்கியதிலிருந்து சட்டம் இதுதான்: செத்தவன் இங்கிலீஷ்காரன் என்று உறவுக்காரர்கள் சத்தியம் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் அவன் பிரெஞ்சுக்காரன். கொன்றவன் அகப்படாவிட்டால் வட்டமே அபராதம் கட்ட வேண்டும். ராஜாவின் அதிகாரி ஷெரிபின் ஆட்கள் வந்தால் உழவு மாட்டையும் விதைத் தானியத்தையும் விட்டுவைக்க மாட்டார்கள். அவன் தானே தவறி விழுந்தானோ என்னவோ, அதை யார் கேட்கப் போகிறார்கள்?

என் வீட்டுக்காரர் ஆர்ட்கார்தான் ஊர் மணியக்காரர். கோழித் திருடனைக்கூட அதட்டத் தெரியாத மனுஷன். அவர் நேராக வுல்ஃப்ரூன் அக்கா வீட்டுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். அக்காவின் ஒரே மகன் சீவின், போன குளிர்காலத்தில் சதுப்பில் நாணல் அறுக்கப் போய்ப் படகோடு காணாமல் போனவன். உடல் கிடைக்கவே இல்லை.

"அக்கா, நாளைக்குக் கல்லடியில, அந்தப் பெரிய கல்லுகிட்ட, ஷெரிபோட ஆளு முன்னால வட்டத்துக் கூட்டம். அது சீவின்தான்னு நீங்களும் உங்க தம்பியும் சத்தியம் பண்ணிட்டா…"

"என் பிள்ளை இவ்வளவு உசரம் கிடையாது, ஆர்ட்கார்."

"ஷெரிபுக்கு அது தெரியுமாக்கா?"

"கடவுளுக்குத் தெரியுமே."

"அவரு நம்ம மாட்டை ஓட்டிட்டுப் போக மாட்டாரு அக்கா," என்றேன் நான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அக்கா எழுந்துபோய்ப் பிணத்தைத் தானே குளிப்பாட்டினாள். இடது கைச் சுண்டுவிரல் உள்பக்கமாக வளைந்திருந்தது. அந்த விரலைத் தடவித் தடவிப் பார்த்தாள். பிறகு மகனுடைய கம்பளிக் குல்லாயைக் கொண்டுவந்து பிடரி மறைய மாட்டிவிட்டாள்.

மறுநாள் கல்லடியில், புனிதரின் எலும்புப் பேழைமேல் கைவைத்து, "இவன் என் மகன்" என்றாள். தம்பியும் சொன்னான். ஷெரிபின் ஆள் கொட்டாவி விட்டுக்கொண்டே குதிரையேறினான். பிணத்தைச் சீவின் பெயரில் கோயில் தோட்டத்தில் புதைத்தோம்.

ஊரே அக்காவுக்கு முட்டையும் பாலாடைக்கட்டியும் கொண்டுபோய்க் கொடுத்தது. எல்லாவற்றையும் பன்றிக்குப் போட்டாள். பாதிரியாரிடம் பாவமன்னிப்புக் கேட்கலாமென்றால் அவருக்கும் இரண்டு மாடு இருந்தது.

பார்லி அறுவடையின்போது கோவேறு கழுதையில் ஒரு பிரெஞ்சுக்கார அம்மாள் வந்தாள். பெயர் ரோஹைஸ். அவள் பேச்சை எங்களுக்குச் சொல்ல ஒரு வேலைக்காரன் கூட வந்தான்.

"அம்மாவோட மகனைக் காணோம். இந்த ஆத்தோரமா வந்தவரு. இடது சுண்டுவிரல் வளைஞ்சிருக்கும். யாராவது பார்த்தீங்களா?"

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்து, "இல்லையே" என்றார். நான் அரிவாளைத் துடைத்தேன். அக்கா தண்ணீர்க் குடத்தைக் கீழே வைத்தாள். போச்சு, மாடு போச்சு என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அப்படித் தோன்றியதற்கு என்னைச் செருப்பால் அடிக்கலாம்.

அக்கா அந்த அம்மாளின் கையைப் பிடித்து அழைத்துப்போனாள், நேராகக் கல்லறைக்கு. வேலைக்காரனும் நானும் பின்னாலேயே போனோம். "இவன் என் பிள்ளைன்னு அம்மாகிட்டச் சொல்லுப்பா. இவனும் தண்ணியில போனவன்தான்."

ரோஹைஸ் மண்டியிட்டு, மண்மேல் கைவைத்து ஏதோ சொன்னாள்.

"உங்களுக்காவது அழறதுக்கு ஒரு இடம் இருக்காம். நீங்க கொடுத்துவச்சவங்கன்னு சொல்றாங்க," என்றான் வேலைக்காரன்.

அக்காவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. ரோஹைஸ் கையை எடுக்கப் போனாள். அக்கா சட்டென்று அதன்மேல் தன் கையை வைத்து மண்ணோடு அழுத்தினாள்.

"எடுக்க வேணாம்னு சொல்லுப்பா. இன்னும் கொஞ்ச நேரம் இங்கயே இருக்கச் சொல்லு. நல்லா அழச் சொல்லு."