மேயருக்கு உள்ள ஒரே ஓட்டு

நாலு மணிக் கூட்டத்துக்கு மூன்றரைக்கே வந்து மேயர் பதவிச் சங்கிலியை மாட்டிக்கொண்டார். வீட்டில் இருக்க முடியவில்லை.

அக்காவின் டீக்கடை வாசலில் இருக்கும் பஸ் நிறுத்தத்தை அடுத்த தெருவுக்கு மாற்றலாமா என்பதுதான் இன்றைய தீர்மானம். அடுத்த தெருவில் மனைவியின் தம்பி புதிதாக மருந்துக்கடை போட்டிருந்தான். ஒரு மாதமாக அக்கா ஒரு காதைப் பிடித்திருந்தாள், மனைவி மறு காதை. இருவருக்கும் அவர் ஒரே பதில்தான் சொன்னார்: மேயர் மணி அடிப்பார், ரிப்பன் வெட்டுவார், ஓட்டுப் போட மாட்டார். உறுப்பினர்கள் பதினைந்து பேர் பார்த்துக்கொள்வார்கள்.

மதில் மேல் பூனை என்று எதிரிகள் அவரைச் சொன்னார்கள். மதில் மேல்தான் நல்ல வெயில் அடிக்கும் என்பது அவர்களுக்குத் தெரியாது.

பார்வையாளர் வரிசையில் இந்தக் கோடியில் அக்கா, அந்தக் கோடியில் மனைவி. உறுப்பினர்களில் ஒருவர் வரவில்லை. ஓட்டெடுத்தார்கள். ஏழுக்கு ஏழு.

மேயர் மணியைத் தேடினார். செயலாளர் குனிந்தார்.

"ஐயா, சரிசமமா வந்தா நீங்கதான் போடணும்."

"போடலன்னா?"

"தீர்மானம் தோத்துரும். பஸ் அங்கேயே நிக்கும்."

"அப்ப அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிடுங்க."

"எண்ணியாச்சுங்க. இனிமே தள்ள முடியாது."

"வயித்தக் கலக்குதுன்னு எழுந்து போயிட்டா?"

"துணை மேயர் வந்து உக்காரணும். அவருக்குத்தான் இன்னிக்குப் பல்லு புடுங்கறாங்க."

மேயர் கண்ணாடியைத் துடைத்தார். கல்யாணத்துக்குச் சம்மதமா என்று கேட்டபோதுகூட அவருக்காக அக்காதான் தலையாட்டினாள். ஊருக்கு எது நல்லது என்று யாரும் அவரைக் கேட்டதில்லை. அவரும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. இப்போது கேட்டார். பதில் உடனே வந்தது, அதுதான் தொல்லை. அக்கா கடைத் தெரு குறுகல். பஸ் நின்றால் பின்னால் ஆம்புலன்ஸ்கூட நகர முடியாது. அடுத்த தெரு அகலம்.

நியாயம் இருந்த பக்கத்திலேயே மனைவியும் உட்கார்ந்திருந்தாள். யார் நம்புவார்கள்?

"தீர்மானத்துக்கு ஆதரவா இருந்தா கையத் தூக்குங்க ஐயா," என்றார் செயலாளர்.

வலது கை மேசையை விட்டு எழுந்தது. காது வரை வந்து நின்றது. மனைவி முந்தானையைச் சரிசெய்தபடி நிமிர்ந்து உட்கார்ந்தாள். இந்தக் கோடியில் நாற்காலி ஒன்று பின்னால் இழுபட்டது. அக்கா எழுந்து நின்றாள்.

"தம்பி, அந்தக் கை தலை சொறியத்தானே மேல போகுது?"