போனோஸ் என்றால் உழைப்பு

இருபத்திரண்டு வருடமாக, கிரீஸின் வோலோஸ் நகரில் பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு ஒரே பழைய கிரேக்க சோக நாடகத்தைப் பாடமாக நடத்திக்கொண்டிருக்கிறேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். அந்தத் திமிர்தான் என்னைக் கவிழ்த்தது.

நாடகத்தில் ஓர் அரசன் அவசரப்பட்டு ஒரு நிரபராதியைக் கொன்றுவிடுகிறான். பாதிக் கதையிலேயே தன் தவறு அவனுக்குத் தெரிந்துவிடும். ஆனால் சபையில் வாய் திறக்க மாட்டான். எல்லாரும் செத்த பிறகு, ஆளில்லாத அரண்மனையில் சுவரைப் பார்த்து அதைச் சொல்வான். "தப்பு பண்ணதுல இல்ல பிள்ளைங்களா, நாலு பேர் முன்னாடி ஒத்துக்காததுலதான் நாடகத்தோட கரு இருக்கு" என்று வருடா வருடம் மேசையைத் தட்டிச் சொல்வேன்.

அன்று, செத்தவனின் தாய் புலம்பும் இடம். 'என் போனோஸ் வீணாய்ப் போனதே' என்கிறாள். இன்றைக்கு எங்கள் பேச்சில் பல் வலித்தாலும் போனோஸ்தான். பழுப்பேறிய என் குறிப்பைப் பார்த்து, "போனோஸ்னா வலி. இந்தப் புலம்பலோட கரு, தாயின் வலி. எழுதிக்கோங்க" என்றேன்.

லிந்திதா விரலைத் தூக்கினாள். அல்பேனியாவிலிருந்து பிழைக்க வந்த குடும்பம். அவள் அம்மா அடுக்குமாடி வீடுகளில் படிக்கட்டு கழுவுகிறாள். "டீச்சர், பழைய மொழியில போனோஸ்னா உழைப்புதானே? பிள்ளைய வளர்க்கப் பட்ட பாடு வீணாப்போச்சுன்னுதானே அவ அழறா?"

"அடேயப்பா! எங்க பாஷைய எங்களுக்கே சொல்லித் தர வந்துட்டியா? முதல்ல உங்க ஊர் பாஷைய ஒழுங்காப் பேசு, போ."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. இந்த ஊர் ஆஸ்பத்திரியிலேயே பிறந்த பெண் அவள். தூக்கிய விரலை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் வீட்டில் அகராதியைப் புரட்டினேன். முதல் பொருளே உழைப்பு. அதன் அடியில் ஒரு பென்சில் கோடு. கல்லூரி நாளில் நானே போட்டது. சீ, நானெல்லாம் ஒரு டீச்சரா என்று என் மேலேயே காறித் துப்பத் தோன்றியது.

மறுநாள் மணியடிக்கும் முன் தாழ்வாரத்தில் அவளை நிறுத்தினேன். "நீ சொன்னதுதான் சரிம்மா. நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. மன்னிச்சுக்கோ" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"பரவால்ல டீச்சர்." நகரப் போனவள் திரும்பினாள். "உள்ள வந்தும் சொல்வீங்களா?"

"சொல்றேன்."

உள்ளே போனேன். இருபத்தாறு முகங்கள். "நேத்து எழுதினதுல ஒரு சின்னத் திருத்தம். வலின்னு இருக்கிறத உழைப்புன்னு மாத்திக்கோங்க." அவ்வளவுதான் வந்தது. எல்லாரும் அடித்து எழுதினார்கள். லிந்திதா எதையும் அடிக்கவில்லை. அவள் நோட்டில் முதலிலேயே உழைப்பு என்றுதான் இருந்தது.

அந்த மாதத் தேர்வில், அரசன் எங்கே சறுக்கினான் என்று கேட்டிருந்தேன். லிந்திதா இரண்டு பக்கம் எழுதி இப்படி முடித்திருந்தாள்: 'தவறைத் தனியாகச் சொல்ல அவனுக்கு வாய் இருந்தது. சபையில் சொல்லத்தான் இல்லை.' என் காது மடல் சுட்டது. இருபதுக்கு இருபது போட்டேன்.

இருபது வாங்கிய விடையை வகுப்பில் வாசித்துக் காட்டுவது என் வழக்கம். தாள்களைக் கொடுத்து முடித்ததும் முன்வரிசை ஸ்ட்ராட்டோஸ் கேட்டான்: "என்ன டீச்சர், இந்தத் தடவை இருபது யாருமே வாங்கலையா?"

கையில் தாளோடு லிந்திதா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லடா, யாரும் வாங்கல" என்றேன்.

அவள் தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். அதற்குப் பிறகு என் வகுப்பில் அவள் விரல் தூக்கவேயில்லை.