கழுகு கண்ணை மூடிய கதை

துணிக்கடையின் மூன்றாம் மாடியில் பதினாறு திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்து திருடர்களைப் பிடிப்பதுதான் அவள் வேலை. கடையில் எல்லோரும் அவளைக் கழுகு என்பார்கள். முகத்துக்கு நேராகவே சொல்வார்கள்; அவளுக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான். திரையில் யாருடைய முகத்தையும் அவள் பார்ப்பதில்லை. முகம் நடிக்கும், கைக்கு நடிக்கத் தெரியாது என்பது பதினோரு வருட அனுபவம்.

அப்பேர்ப்பட்ட கழுகுக்கு இப்போது வயிறு சொன்னபடி கேட்கவில்லை. திரையில் யாராவது கைப்பையைத் திறந்தால் போதும், குடலைத் துணி பிழிகிற மாதிரி பிழியும். எழுந்து ஓடுவாள். ஸ்கேன் எடுத்தாயிற்று, குழாய் விட்டும் பார்த்தாயிற்று. “குடல்ல ஒரு கோளாறும் இல்லம்மா, எல்லாம் டென்ஷன்” என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

ஒருநாள் மேனேஜர் கூப்பிட்டு ஒரு வீடியோவைக் காட்டினார். அதில் தெரிந்தது அவளுடைய நாற்காலி. காலியாக. அந்த அறைக்குள்ளும் ஒரு கேமரா இருப்பது அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

“ஒரே ஷிஃப்ட்ல ஏழு தடவை எந்திரிச்சுப் போயிருக்கீங்க. மாசக் கடைசி வரைக்கும் பார்ப்பேன். அப்புறம் வேற ஆள் போட்டுடுவேன்.”

அந்த நாற்காலி போனால் வேறு வேலை எதுவும் அவளுக்குத் தெரியாது.

தங்கைதான் வழி சொன்னாள். “அக்கா, என் வயித்து வலி அங்க போய்த்தான் நின்னுச்சு. ஹிப்னாடிஸம். கண்ணை மூடிப் படுத்துக்கிட்டு அவங்க சொல்றதைக் கேட்டாப் போதும்.”

“கண்ணை மூடினப்புறம் அவ என்ன பண்றான்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“நமக்கு நினைவு இருக்கும்க்கா. அது தூக்கம் இல்ல.”

“மோதிரத்தைக் கழட்டினாத் தெரியுமா?”

தங்கை தலையில் அடித்துக்கொண்டாள்.

சிகிச்சை தருகிற அம்மாள் மெதுவாகப் பேசினாள். இவ்வளவு இதமாகப் பேசுகிறவளை எப்படி நம்புவது என்று கழுகுக்கு அப்போதே உறுத்தியது. முதல் இரண்டு தடவையும் ஒற்றைக் கண்ணை இடுக்கி அவள் கைகளையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். வயிறு இம்மியும் இளகவில்லை. மாதம் முடிய ஒன்பது நாள்தான் பாக்கி.

மூன்றாம் தடவை கையும் களவுமாகப் பிடித்தே தீருவது என்று முடிவு செய்தாள். போனில் வீடியோவை ஓடவிட்டு, மேஜைமேல் தண்ணீர் பாட்டிலுக்குப் பின்னால் சாய்த்து வைத்தாள். பிறகு படுத்து, நிம்மதியாக இரண்டு கண்ணையும் மூடினாள். பார்ப்பதற்குத்தான் கேமரா இருக்கிறதே!

மறுநாள் லீவு. மத்தியானம் டீயை வைத்துக்கொண்டு பதிவைப் போட்டுப் பார்த்தாள். வழக்கம்போல் கையைத்தான் பார்த்தாள். அந்த அம்மாளின் இரண்டு கைகளும் இருபத்திரண்டு நிமிடமும் மடியைவிட்டு அசையவில்லை. “உள்ளங்கைச் சூடு வயித்துக்குள்ள இறங்குது. எல்லாம் மெதுவா, அதது போக்குல நகருது” என்ற குரல் மட்டும் கேட்டது.

வெட்டி ஒட்டியிருப்பாளோ? போன் தன்னுடையது என்பது அப்புறம்தான் உறைத்தது. மறுபடியும் போட்டாள். இந்தத் தடவை இன்னொரு கை கண்ணில் பட்டது. கைப்பை வாரை இறுகப் பிடித்திருந்த அந்தக் கை, ஒன்பதாவது நிமிடத்தில் தானாகவே விரிந்து, வயிற்றின் மேல் வந்து படுத்தது. அது அவளுடைய கை.

பொல்லாத கை, நடிக்கவே தெரியாதது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. டீ ஆறிப் போயிருந்தது. முக்கால் மணி நேரமாக ஒரு தடவைகூட அவள் எழுந்திருக்கவில்லை.

அடுத்த முறை போனதும் குற்றத்தை ஒப்புக்கொண்டாள். “மேடம், போன வாரம் உங்களுக்குத் தெரியாம வீடியோ எடுத்தேன்.”

“தெரியுமே. பாட்டில் பக்கத்துல லென்ஸ் மின்னுச்சு.”

“அப்ப ஏன் ஒண்ணும் கேக்கல?”

“அது முழிச்சிருந்ததாலதானே நீங்க கண்ணை மூடினீங்க!”

பதினோரு வருடத்தில் கழுகை யாரும் இப்படிப் பிடித்ததில்லை.

மாதத்தின் கடைசி நாள். நாலாம் நம்பர் திரையில் ஒருத்தி கைப்பையைத் திறந்தாள். இங்கே குடல் முறுக்கத் தொடங்கியது. கால்கள் கதவுப் பக்கம் திரும்பிவிட்டன. கழுகு தலையை நிமிர்த்தி, நாற்காலிக்கு மேலே தன்னைக் காட்டிக்கொடுத்த கேமராவை முறைத்தாள். அதுவும் இமைக்காமல் அவளைப் பார்த்தது. பதினாறும் பதிவாகிக்கொண்டுதான் இருக்கின்றன, எதுவும் ஓடிப்போய்விடாது.

“கொஞ்ச நேரம் நீயே பாத்துக்கோ” என்று அதனிடம் சொன்னாள். உள்ளங்கையை வயிற்றின் மேல் வைத்து, கண்ணை மூடினாள்.

அன்றைய பதிவை மேனேஜர் முழுதும் ஓட்டிப் பார்த்தார். நாற்காலி ஒரே ஒரு தடவைதான் காலியாக இருந்தது. அதுவும் சாப்பாட்டு நேரம்.