லைன்மேன் வீட்டு இலைகள்

இறந்துபோன லைன்மேன் தினமும் காலை ஆறேகாலுக்குக் குளியலறைக்குள்ளிருந்து, “இலை எப்படியிருக்கு?” என்று கேட்பார். எட்டு வருஷத்தில் ஒரு நாளும் தவறவில்லை. உயிரோடு இருந்தபோதுகூட அவர் அவ்வளவு நேரம் தவறாதவர் இல்லை. கேட்டுவிட்டு இரண்டு குவளை தண்ணீர் ஊற்றிக்கொள்வார். பிறகு சைக்கிள் மணிச் சத்தம் மட்டும் தெருமுனை வரை போகும்.

அவர் கேட்டது கொல்லையிலிருந்த தூங்குமூஞ்சி மரத்தைப் பற்றி. மழை வரப்போகிறதென்றால் அதன் இலைகள் ஜோடி ஜோடியாக மூடிக்கொள்ளும். ரேடியோ சொல்வதை லைன்மேன் காதில் போட்டுக்கொள்வதில்லை. இலை விரிந்திருந்தால் மின்கம்பத்தில் ஏறுவார். மூடியிருந்தால் அலுவலகத்தில் உட்கார்ந்து ஃபியூஸ் கம்பி சுற்றுவார். சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துச் சொல்வது மனைவியின் வேலை. கடைசி நாளும் சொன்னாள், விரிந்திருக்கிறது என்று. பத்து மணிக்கு அவர் கம்பத்தின் உச்சியில் இருந்தபோது வானம் கறுத்தது. இறங்குவதற்குள் இடி விழுந்துவிட்டது.

அதன்பின் மரம் இலைகளைத் திறக்கவேயில்லை. கொளுத்துகிற கோடையிலும் மூடியே நின்றது. தாவரவியல் வாத்தியார் வந்து பார்த்து, நோய் ஒன்றுமில்லை, பிடிவாதம்தான் என்று சொல்லி, டீ குடித்துவிட்டுப் போனார்.

அதே வீட்டில் தையல் வேலை செய்த லைன்மேனின் தங்கைக்கு மரத்தைக் கண்டாலே ஆகாது. அண்ணனிடம் பொய் சொன்ன மரம் என்று எட்டு வருஷமும் கரித்துக் கொட்டினாள். கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை இரண்டு மரம்வெட்டிகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அண்ணி அடுப்பை அணைத்துவிட்டு வந்து மரத்துக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

“மரம் பொய் சொல்லல. பால் பொங்கிட்டிருந்துச்சு, நான்தான் பார்க்காமலே விரிஞ்சிருக்குன்னு சொல்லிட்டேன். அவர் கிளம்பினப்புறம் பார்த்தேன், மூடியிருந்துச்சு. கூப்பிடறதுக்குள்ள தெருமுனை தாண்டிட்டாரு.”

மரம்வெட்டிகள் கோடாரியைக் கீழே வைத்தார்கள். தலைக்கு மேல் இலைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. எட்டு வருஷத்துக்கு முந்தைய அந்த மழை நல்ல வெயிலில் கொல்லையில் மட்டும் கொட்டியது. நாலு பேரும் தொப்பலாக நனைந்தார்கள்.

மரம் மற்ற தூங்குமூஞ்சிகளைப் போல மழைக்கு மூடி வெயிலுக்கு விரிய ஆரம்பித்தது. நாத்தனார் மட்டும் பதினோரு மாதம் அண்ணியுடன் ஒரு வார்த்தை பேசவில்லை. மன்னிக்க முடியவில்லை, வீட்டை விட்டுப் போகவும் மனம் வரவில்லை. தினமும் குரல் கேட்டது. அண்ணி சமையலறை ஜன்னலைச் சாத்திவிடுவாள்.

ஒரு நாள் குரல் கேட்டதும் நாத்தனார் தையல் மெஷினை விட்டு எழுந்தாள். கொல்லைக்கே போய் அண்ணாந்து நன்றாகப் பார்த்துவிட்டு வந்து குளியலறைக் கதவருகே நின்றாள்.

“மூடியிருக்குண்ணா. இன்னைக்கு வேலைக்குப் போக வேணாம்.”

உள்ளே குவளையைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. சைக்கிள் மணி அடிக்கவில்லை. நாத்தனார் சமையலறைக்குள் வந்தாள்.

“அண்ணி, மூணு பேருக்குச் சமைங்க.”

மழை நாட்களில் அந்த வீட்டில் இப்போதும் மூன்று பேருக்குத்தான் சமையல். எதுவும் மிஞ்சுவதில்லை.