கீழே இறங்கிய விசிறி

செருப்புப் பட்டறையில் எனக்கும் என் தங்கைக்கும் பசை தடவுகிற வேலை. பசையை இளக்கி வைப்பது ஹெக்சேன். பார்க்கத் தண்ணீர் மாதிரி இருக்கும், தடவிய வேகத்தில் ஆவியாகப் பறந்துவிடும். எண்ணெய் ஆலையில் விதையிலிருந்து எண்ணெயை ஒட்ட உறிஞ்சவும் இதைத்தான் ஊற்றுகிறார்கள். பொறி பட்டால் குப்பென்று பற்றிக்கொள்ளும் என்று முதலாளி தீப்பெட்டியைக்கூட உள்ளே விடமாட்டார். சரக்கு எரிந்துவிடும் என்றுதான் அவருக்குப் பயம். ஆளுக்கு என்ன ஆனால் அவருக்கென்ன!

போன மாதம் தங்கை ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தாள். இன்னொன்று எங்கே கழன்றது என்று அவளுக்கே தெரியவில்லை. "ஊருக்கே செருப்பு ஒட்டுறவ, என் செருப்பைத் தொலைச்சிட்டேன்க்கா" என்று சிரித்தாள். டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

"அந்த ஆவி நரம்பைத் தின்னுடும்மா. கால்ல சூடு, குளிர் தெரியிற வரைக்கும் பெரிய பயமில்லை. அதுவும் போச்சுன்னா ரொம்பக் கஷ்டம். வேலையை விடச் சொல்லுங்க."

அவள் கேட்டால்தானே! "நீ மட்டும் அங்க மூச்சு விடலாமாக்கும்?" என்று எனக்கு முன்னால் பட்டறைக்குக் கிளம்பிவிட்டாள்.

சரி, காற்றையாவது மாற்றுவோம் என்று முதலாளியிடம் போனேன். ஆவியை வெளியே தள்ளுகிற விசிறி கூரையை ஒட்டி ஜம்மென்று சுற்றிக்கொண்டிருந்தது.

"இந்த ஆவி காத்தைவிட கனம்ங்க, தரையிலதான் படுக்கும். டின்லயே போட்டிருக்கு. விசிறியைக் கீழ இறக்குங்க."

"புகை மேல போகுமா, கீழ போகுமா? எனக்கே பாடம் எடுக்கிறியா?"

"இது புகையே இல்லீங்க!"

தலையில் அடித்துக்கொண்டேன். தொண்டை வறளக் கத்திப் பார்த்தேன். கடைசியில் பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் பசைத் தூரிகையைக் கீழே வைத்த பிறகுதான் மனிதர் இறங்கி வந்தார்.

இன்று காலை விசிறி தரையோடு தரையாக ஓடியது. வாசல் பக்கத்துக் குளிர்காற்றை எங்கள் காலடி வழியாக இழுத்துக்கொண்டு போனது. பெஞ்சு முழுக்க ஒரே முணுமுணுப்பு.

"கால் விறைக்குதுடி."

"எல்லாம் இவளால வந்த வினை."

திட்டட்டும். எனக்கு அப்படியொரு சந்தோஷம். தங்கை பக்கம் திரும்பினேன். விசிறிக்கு நேர் எதிரே வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தாள்.

"எப்படிடி இருக்கு?"

அவள் குனிந்து விசிறியைப் பார்த்தாள். பாதங்களை அதன் பக்கம் நீட்டிப் பார்த்தாள்.

"சத்தம்தான் பெரிசா இருக்கு, காத்தைக் காணோமே. அந்தாளு உன்னை நல்லா ஏமாத்திட்டாருக்கா."