காது வைத்த நட்டு

மருமகளுக்கு அந்த வீட்டில் வைத்த பெயர் மீட்டர். படகு மோட்டார் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை. சட்டைப் பையில் வோல்ட் பார்க்கும் மீட்டர் இல்லாமல் வாசலைத் தாண்ட மாட்டாள். ஊரார் மோட்டாரையெல்லாம் ஓடவைத்தவள், சொந்த மாமனாரின் படகிடம் மட்டும் மூக்குடைபட்டு நின்றாள். மானம் போகுமா போகாதா, நீங்களே சொல்லுங்கள்.

மாமனார் தினமும் காலையில் அக்கரை வீடுகளுக்கு ரொட்டியும் மருந்தும் கொண்டுபோகிறவர். போன மழைக்காலத்தில் தலைசுற்றிப் படகுக்குள்ளேயே விழுந்தார். தோளில் தகடு வைத்துத் தைத்தார்கள். அதன் பிறகு கயிறு இழுத்து மோட்டாரைக் கிளப்ப அந்தக் கைக்குத் தெம்பில்லை. சாவியைத் திருப்பினால் பேட்டரிதான் கிளப்பித் தரவேண்டும். அந்தப் பேட்டரியோ சார்ஜ் ஏறாமல் அடம்பிடித்தது. சாவியைத் திருப்பினால் டிக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

"இந்த வாரத்துக்குள்ள சரியாகலேன்னா படகை யாருக்காவது குடுத்துடலாம்ப்பா," என்று மகன் சாப்பிடும்போது சொல்லிவிட்டான்.

மாமனார் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மீட்டருக்கு அது பொறுக்கவில்லை. கல்யாணமான புதிதில், 'பொண்ணுக்கு எதுக்கு இந்த கிரீஸ் வேலை' என்று இழுத்த சொந்தக்காரர்களை, 'எனக்கும் என் மோட்டாருக்கும் பிடிச்சிருக்கு, உனக்கு எங்க வலிக்குது' என்று வாயடைத்த மனிதர் அவர். அவருக்கு ஒரு பேட்டரியைச் சரிசெய்து தர முடியாவிட்டால் இவள் படித்த தொழில் என்னத்துக்கு?

பேட்டரியைப் பட்டறைக்குத் தூக்கிப்போய்ச் சோதித்தாள். கல்லுக்குண்டு மாதிரி இருந்தது. ஃபியூஸ் போகவில்லை. ஒயர் எங்கும் அறுபடவில்லை. மோட்டார் தரும் மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் ரெக்டிஃபையர் மட்டும் கருகிக் கிடந்தது. புதிது போட்டாள். மோட்டார் ஓடும்போது கையிலிருந்த மீட்டர் பதினாலு வோல்ட் காட்டியது. அப்பாடா என்று வீட்டுக்குப் போனாள். மறுநாள் பழைய குருடி கதவைத் திறடி.

பிறகுதான் நட்டைக் கவனித்தாள். பேட்டரி முனையில் ஒயரைப் பிடித்திருப்பது, இரண்டு பக்கமும் காது வைத்த நட்டு, விரலாலேயே திருகிவிடலாம். எத்தனை முறை இறுக்கினாலும் அது தளர்ந்திருந்தது. ஒயர் ஆடினால் சார்ஜ் எப்படி ஏறும்? ரெக்டிஃபையர் கருகியதற்கும் அதுதான் காரணம். மோட்டார் அதிர்வில் கழன்றுகொள்கிறது என்று முடிவுகட்டி, காது நட்டைக் கடாசிவிட்டு, நைலான் வளையம் வைத்த பூட்டு நட்டைப் போட்டாள். சாப்பாட்டு மேசையில் அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

"இனிமே பதிமூணாம் நம்பர் ஸ்பேனர் இல்லாம எவனாலயும் அதை அசைக்க முடியாது."

"அப்படியா," என்றபடி மாமியார் தண்ணீர் ஊற்றினார்.

மறுநாள் சாயங்காலம் அதே மாமியார் அவளுடைய கருவிப் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். கரண்டியைத் தவிர வேறு இரும்பைத் தொட்டு அறியாதவர்.

"ஏம்மா, அந்தப் பதிமூணாம் நம்பர் ஸ்பேனரைக் கொஞ்சம் குடேன். குக்கர் கைப்பிடி ஆடுது."

"குக்கருக்கு ஸ்க்ரூடிரைவர்தான் வேணும் அத்தை."

"ரெண்டையும் குடு. எதுக்கும் இருக்கட்டும்."

மீட்டர் அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

"அத்தை. நட்டைத் தளர்த்தினது நீங்களா?"

மாமியார் அப்படியே முக்காலியில் உட்கார்ந்தார். "அந்தக் கருகிப்போன சாமானும் என்னாலதானா?"

"ஆமா."

"அட பாவமே. வண்டி கிளம்பாது, அவ்வளவுதான்னு நெனச்சேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அன்னைக்கு உள்ளுக்குள்ளயே விழுந்தாரு. தண்ணியில விழுந்திருந்தா? படகு அது பாட்டுக்குப் போயிருக்கும். நானும் அதுல அவர் இருக்காருன்னு கரையில நின்னு கையாட்டிட்டு இருந்திருப்பேன்."

மீட்டருக்கு வந்த கோபம் வந்த வழியே போய்விட்டது. மாமியாரிடம் படகை விட்டால் மாமனாருக்கு உயிர் போகும், மாமனாரிடம் விட்டால் மாமியாருக்கு. நேரே துறைக்குப் போய் மோட்டாரிலிருந்த சிவப்புக் கயிற்றைக் கழற்றி வந்தாள். சுருள் சுருளாக, இரண்டு முனையிலும் கிளிப் வைத்த கயிறு. ஒரு முனை மோட்டாரில், மறுமுனை ஓட்டுகிறவர் இடுப்பில் இருக்க வேண்டும். அவர் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொள்ளும், மோட்டார் அந்த இடத்திலேயே நிற்கும். ஆயிரம் தடவை சொல்லியும் மாமனார் மறுமுனையை ரொட்டிப் பெட்டியில்தான் மாட்டி வைத்திருந்தார். ரொட்டி விழுந்தால் படகு நிற்கும், நல்ல கூத்து.

"இது இல்லாம மோட்டார் பிடிக்காது. இனிமே இது உங்ககிட்டதான் இருக்கும் அத்தை."

மறுநாள் காலை படகில் உட்கார்ந்து சாவியைத் திருப்பிய மாமனார், "மீட்டரு, திரும்பவும் போச்சும்மா," என்றார். மாமியார் ஈரக் கையோடு இறங்கி வந்து படகுக்குள் கால் வைத்தார். கயிற்றின் ஒரு முனையை மாமனாரின் இடுப்புப் பட்டையில் மாட்டி, இழுத்துப் பார்த்து, மறுமுனையை மோட்டாரில் பொருத்தினார். பட்டன் போட்டுவிடும்போது நிற்கும் சின்னப் பிள்ளைபோல் அவர் நின்றார்.

மாமியார் ரொட்டிப் பெட்டியை எடுக்கத் திரும்பியதும், மீட்டர் குனிந்து, "நட்டு அதிர்வுலதான் கழண்டுச்சு மாமா," என்றாள்.

"பொய் சொல்லாத. எனக்கு அப்பவே தெரியும்."

"தெரிஞ்சா நீங்களே முறுக்கியிருக்கலாமே?"

"ஒரு நாள் முறுக்கிட்டுத்தான் போனேன். திரும்பி வர்றப்போ, விட்டுட்டுப் போன இடத்துலயே உங்க அத்தை நிக்கிறா. காபிகூடக் குடிக்கல. அப்புறம் முறுக்க மனசு வரல." தோளைத் தடவிக்கொண்டார். "போனா படகுதானேன்னு விட்டுட்டேன்."

சாவியை அவரே திருப்பினார். மோட்டார் ஒரே பிடியில் கிளம்பியது, பதினாலு வோல்ட். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

பெட்டியோடு வந்த மாமியார் அதைக் கீழே வைத்தார். எட்டி, சிவப்புக் கயிற்றை வெடுக்கென்று இழுத்தார். மோட்டார் செத்து அடங்கியது.

"என்னடி பண்ற?"

"நிக்குதான்னு பாத்தேன்," என்று கிளிப்பைத் திரும்ப மாட்டினார். "இப்ப போயிட்டு வாங்க."