பின்படலை

அச்சுவேலிச் சந்தையடியில் இருந்த பஞ்சலிங்கத்தின் சலூனில் ஒரேயொரு சட்டம்தான். முதல் வந்தவருக்கு முதல் கதிரை. பெரிய வளவுக்காரர் சிவசுப்பிரமணியமே ஒருநாள் மீன் விற்கிறவனுக்குப் பின்னால் மர வாங்கில் முக்கால் மணித்தியாலம் குந்தியிருந்தார். அன்று பஞ்சலிங்கத்துக்குச் சாப்பிடாமலே வயிறு நிறைந்துவிட்டது. அவருடைய தகப்பன் கத்திப் பையோடு வீடு வீடாகப் போய், பின்வளவில் வைத்துத் தலைமயிர் வெட்டி, கொடுத்த நெல்லை வாங்கி வந்த மனிசன். அந்தச் சீவியம் வேண்டாம் என்றுதான் மகன் கடையே போட்டார்.

பங்குனியில் கொரோனா ஊரடங்கு வந்தது. மரக்கறி லொறிக்குப் பாஸ் கொடுத்தார்கள், பேக்கரிக்குக் கொடுத்தார்கள். தலைமயிர் வளர்ந்து யாரும் சாகப்போவதில்லை, உண்மைதான். வெட்டுகிறவன் வீட்டு அடுப்பை யார் எட்டிப் பார்த்தார்கள்? நாலாம் கிழமை மனைவி உதயகலா அரிசிப் பானையைக் கவிழ்த்துக் காட்டினாள்.

அன்றைக்கென்று சிவசுப்பிரமணியம் போன் எடுத்தார்.

"பஞ்சலிங்கம், தலை காடாய்க் கிடக்கு. ஒருக்கா வந்திட்டுப் போமன். பின்படலையாலை வாரும், பொலிஸ் கண்டால் வில்லங்கம்."

"போகாதேங்கோ," என்றாள் உதயகலா. "பிறகு அதையே பழக்கமாக்கிப்போடுவினம்."

"ஊரடங்கு மட்டுந்தானே. எடுத்த உடனை கடைக்கு வருவினம்."

அங்கேதான் மனிசன் பிழை விட்டார்.

மாமரத்தின் கீழ் பிளாஸ்ரிக் கதிரை. வெட்டி முடிந்ததும் காசு வரவில்லை. அரை உரப்பை அரிசியும் இரண்டு தேங்காயும் வந்தன. தகப்பனின் கைதான் நீளுகிறது என்று நினைத்தபடியே வாங்கினார். அடுத்த கிழமை பக்கத்து வளவுக்காரரும் அதே மரத்தடிக்கு வந்தார்கள்.

வைகாசியில் சலூன் திறக்கலாம் என்றார்கள். கடையைக் கழுவி, வாசலில் சவர்க்காரமும் தண்ணீரும் வைத்துக் காத்திருந்தார். பத்து மணி வரைக்கும் ஈ காக்கைகூட வரவில்லை.

"ஐயா, கடை திறந்திட்டன். வாங்கோவன்," என்று போனில் கூப்பிட்டார்.

"கடைக்கு ஏன்? கண்டவனும் இருக்கிற கதிரை. நீ இஞ்சை வா."

இது என்ன நியாயம் என்று முகத்துக்கு நேரே கேட்டுவிடுகிற கோபத்தில் சைக்கிளை எடுத்தார். சண்டைக்குப் போகிறவர் கத்திரிக்கோல் பையை ஏன் கொண்டுபோனார் என்று அவரைத்தான் கேட்கவேண்டும். வீட்டில் அரிசி மறுபடி அடியில் நின்றது.

முன்படலையைத் திறக்கப் போனார். விறாந்தையில் நின்ற சிவசுப்பிரமணியம் கையைக் காட்டினார். "பின்னாலை வா."

"ஐயா, இப்ப பொலிஸ் இல்லையே."

"பொலிஸுக்கும் இதுக்கும் என்ன?"

பஞ்சலிங்கம் படலையில் வைத்த கையை எடுத்தார். பிறகு சைக்கிளை உருட்டிக்கொண்டு வேலியைச் சுற்றிப் போனார்.

மாமரத்தடியில் நாலு பேர் முகக்கவசத்தோடு நின்றார்கள். எல்லாரும் அவருடைய சலூனுக்கு வந்துகொண்டிருந்தவர்கள்.

"ஆர் முதல் வந்தது?" என்று கேட்டார்.

நாலு பேரும் விலகி வழி விட்டார்கள். கடைசியாக வந்த சிவசுப்பிரமணியம் கதிரையில் போய் இருந்தார். பஞ்சலிங்கம் துணியை உதறி அவர் கழுத்தில் கட்டினார்.